ஆட்சேபனை இல்லாத மனிதர்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் சர்க்கரையும் அண்ணியின் முழங்காலும் சொன்ன பேச்சைக் கேட்டு நடக்கின்றன என்று நம்புகிறேன். இங்கே என் உடம்புக்கு ஒன்றும் இல்லை, புத்திக்கும் ஒன்றும் இல்லை. புத்தியைத் தனியாகக் குறிப்பிடக் காரணம், போன வாரம் போனை வைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு நீங்கள் அண்ணியிடம் "அவளுக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று சொன்னது எனக்கும் கேட்டது.

விவாகரத்து மனுவை நானே எழுதி நானே கொடுத்துவிட்டேன். உங்கள் வக்கீல் நண்பர் நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் சண்டை இருக்கும் இடத்துக்குத்தானே வக்கீல்? எங்கள் வீட்டில் அது கிடையாது. மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்து, "தங்கமான மனுஷன், எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டார்" என்று அப்பாவிடம் சொன்னது நீங்கள்தான். அது அப்படியே பலித்தது.

கோர்ட்டில் வக்கீல் வைக்காதவர்களுக்கென்று ஒரு ஜன்னல் உண்டு. கண்ணாடியில் பேசுவதற்கான ஓட்டையை இடுப்பு உயரத்தில் போட்டிருக்கிறார்கள். மன்னிப்புக் கேட்க வந்தவள் மாதிரி குனிந்துதான் பேச வேண்டும். உள்ளே இருந்த குமாஸ்தா அம்மா என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எதிர்ப்பு இருக்கா, இல்லையா?" என்றார். "எதுக்கும்மா?" என்றேன். "உங்க வீட்டுக்காரர் எதிர்ப்பாரா?" "அவரா? மழை பெஞ்சா, யாராவது உள்ள வாங்கன்னு கூப்பிடற வரைக்கும் நனைஞ்சுக்கிட்டே நிப்பாரும்மா" என்றேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. "அப்போ எதிர்ப்பில்லாதது" என்று ஒரு கட்டுத் தாளைத் தள்ளினார். வீட்டுக்குக் கொண்டுவந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிரப்ப உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியில் துணிப் பிரிவில் இத்தனை வருடம் படுக்கை விரிப்புகளுக்குக் கணக்கு எழுதியவளுக்கு இது என்ன பெரிய வேலை என்று நினைத்தேன். பழக்க தோஷத்தில் முதல் பெயராக அவர் பெயரை எழுதிவிட்டேன். அதனால் அவர் மனுதாரர் ஆகிவிட்டார், நான் எதிர்மனுதாரர் ஆகிவிட்டேன். அதாவது, என்னோடு இனி வாழ முடியாது, என்னிடமிருந்து விடுதலை வேண்டும் என்று அவர் கேட்கிறார். தாளைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு பேனாவைத் திறந்து, "சரி, நான் எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார். அண்ணா, தப்பு என்னுடையதுதான், ஆனாலும் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் போகிறேன் என்றாலும் அவருக்குச் சரி, அவரே என்னை அனுப்புகிறார் என்றாலும் சரிதான்.

தப்பைத் திருத்திக் கொண்டுபோனால் அடுத்த வில்லங்கம். மனுவின் நகலை அவர் கையில் நான் கொடுக்கக் கூடாதாம், மூன்றாம் மனிதர் ஒருவர்தான் கொடுக்க வேண்டுமாம். ஒரே வீட்டில், ஒரே சோப்பைத் தேய்த்துக் குளித்துக்கொண்டிருக்கிறோம், ஆனால் மேசைக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஒரு கவரை நகர்த்தச் சட்டத்தில் இடமில்லை. மாடி வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் இன்சூரன்ஸ் ஏஜென்ட். மனிதர் பாவம், சாவுச் செய்தி கொண்டுவருகிறவர் போல் சட்டையை மாற்றிக்கொண்டு இறங்கி வந்தார். நான் சமையலறையில் நின்றுகொண்டேன். கவரைப் பார்த்ததும் இவர், "இந்த வருஷம் சீக்கிரமே வந்துட்டீங்களே" என்றார், பாலிசி என்று நினைத்துப் பிரிக்காமலே கையெழுத்துப் போட்டார். "சார், இது அது இல்ல சார். வீட்ல உங்களுக்குக் கொடுக்கச் சொன்னாங்க." "அப்படியா? உக்காருங்க, டீ சாப்பிடுங்க." டீயைப் போட்டுக் கொண்டுபோய் வைத்தது நான்தான்.

அவர் பதில் எழுத வேண்டிய தாளையும் நான்தான் நிரப்பினேன், "உன் எழுத்துதான் நல்லா இருக்கும்" என்றார். குமாஸ்தா அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "ரெண்டும் ஒரே கை எழுத்தா இருக்கே, மிரட்டி வாங்கினீங்களா?" என்று அவரையும் நேரில் வரச் சொல்லிவிட்டார். இவரும் ஓட்டைக்கு முன் குனிந்தார். "சார், உங்கள யாராவது மிரட்டினாங்களா?" இவர் நிமிர்ந்து, என்ன சொல்ல வேண்டும் என்பது போல் என் முகத்தைப் பார்த்தார். பின்னால் வரிசையில் நின்றிருந்த பெண் என்னை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், நான் ஏதோ கையில் கத்தியோடு நிற்பது போல.

காரணம் எழுத ஒரே ஒரு வரிதான் விட்டிருக்கிறார்கள். "மனம் ஒத்துப்போகவில்லை" என்று எழுதச் சொன்னார்கள், எழுதினேன். எழுதாததை உங்களுக்குச் சொல்கிறேன். மகள் தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று வந்து நின்றபோது, அவருடைய அண்ணன் வாசலைக் காட்டினார். "அப்பா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா" என்று அவள் கேட்டதும், "பெரியப்பா சொல்றாங்கல்ல" என்று இவர் சொன்னதும் உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் அவளுடைய கடைசி நாட்களில் நீங்கள்தான் என்னோடு இருந்தீர்கள். "அப்பா வரலையா மாமா?" என்று அவள் உங்களைத்தான் கேட்டாள். அவருக்குக் காய்ச்சல் என்று சொன்னீர்கள், ஏனென்றால் உங்களிடம் அவர் வீட்டில் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். காய்ச்சல் இல்லை அண்ணா. சட்டை போட்டு, பையை எடுத்துக்கொண்டு என்னோடு வாசல்வரை வந்தார். அப்போது போன் வந்தது. அவருடைய அண்ணன். "சரி", "சரி" என்று கேட்டுக்கொண்டார். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு, சட்டையைக் கழற்றி, சுருக்கம் விழாமல் ஹாங்கரில் மாட்டினார். நான் மட்டும் பஸ் ஏறினேன். அதற்குப் பிறகு அவர் எந்தச் சட்டையைப் போட்டாலும் எனக்கு அந்தச் சட்டையாகத்தான் தெரிகிறது.

"அந்த அண்ணன்தான் போய்ச் சேந்துட்டாரே, இனிமே என்ன?" என்று நீங்கள் கேட்டீர்கள். அங்கேதான் விஷயமே இருக்கிறது. அந்த மனிதர் செத்த பிறகாவது இவர் வாயைத் திறப்பார் என்று நானும் பார்த்திருந்தேன். திறந்தார். "குளிக்கட்டுமா?" "ஜன்னலச் சாத்தட்டுமா?" "சாவுக்கு வந்தவங்களுக்கு நன்றி சொல்லணுமா?" எல்லாவற்றையும் என்னிடம் கேட்க ஆரம்பித்தார். காலியாக இருந்த அண்ணன் பதவியை எனக்குக் கொடுத்துவிட்டார். ஒரு நாள் எரிச்சலில், "போய்ப் படுங்க" என்று அதட்டினேன். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் போய்ப் படுத்துக்கொண்டார். எனக்கு என்னைப் பார்த்தே பயம் வந்துவிட்டது. மறுநாள்தான் கோர்ட்டுக்குப் போனேன்.

விசாரணையும் முடிந்தது. நீதிபதி சின்ன வயசுப் பெண், நல்ல ஜலதோஷம், மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "உங்களுக்கு இதுல ஆட்சேபனை உண்டா?" இவர் என் பக்கம் திரும்பினார். "அவங்களப் பாக்காதீங்க, என்னப் பாத்துச் சொல்லுங்க." "அவளுக்கு எது சௌகரியமோ..." "நான் உங்களக் கேக்கறேன்." தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே, "இல்லைங்க" என்றார். தீர்ப்புக்குக் கொஞ்ச காலம் ஆகும், அதுவரை யாருக்கு மனசு மாறினாலும் எழுதிக் கொடுக்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். திரும்பும்போதும் ஒரே பஸ். என் பக்கத்தில் இடம் இருந்தது. "நான் எங்க உக்காரட்டும்?" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இறங்கும்வரை நின்றுகொண்டே வந்தார்.

ஆகவே அண்ணா, சமாதானம் பேச நீங்கள் புறப்பட்டு வர வேண்டாம். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில் எனக்கு ஓர் அறை பார்த்திருக்கிறேன். ஜன்னல் சரியாகச் சாத்தாது, ஆனால் சாத்தட்டுமா என்று கேட்க ஆள் கிடையாது. வக்கீல் நண்பருக்கு என் நன்றியைச் சொல்லி, தேவைப்படவில்லை என்று சொல்லிவிடுங்கள். அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். உங்கள் ஆசியை அனுப்பி வையுங்கள். அறிவுரையாக இருந்தால் அது அங்கேயே பத்திரமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை

பி.கு.: கவரை ஒட்டப் போகும் நேரத்தில் குமாஸ்தா அம்மாவிடமிருந்து போன். இவர் நேற்று மார்க்கெட்டுக்கு என்று போனவர், கோர்ட்டுக்குப் போயிருக்கிறார். அந்த ஓட்டைக்கு முன் தானாகவே குனிந்து, தாள் கேட்டு வாங்கி, தன் கோணல் எழுத்திலேயே "எனக்கு இதில் சம்மதம் இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். போனை வைத்துவிட்டு நேரே போய், "யாரக் கேட்டு எழுதினீங்க?" என்றேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. "யாரையும் கேக்கல" என்றார். அண்ணா, நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நம் பிள்ளை வாசலில் நின்றாள். இவ்வளவு காலம் கழித்து, அதை என் தலையில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார். அழுதேன். பிறகு எழுந்து, "நான் விடமாட்டேன்" என்றேன். "நானும்தான்" என்றார்.

மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படியுங்கள். உங்கள் வக்கீல் நண்பரின் நம்பரை உடனே அனுப்புங்கள். நல்லவராக இருந்தால் மட்டும் போதாது, கெட்டிக்காரராகவும் இருக்க வேண்டும். எதிராளி லேசுப்பட்ட ஆள் இல்லை.