எலுமிச்சம்பழம் நசுங்காத சைக்கிள்

மலைநாட்டில் சைக்கிள் வைத்திருப்பவனைப் பார்த்து யாரும் பொறாமைப்பட மாட்டார்கள். பாவம் என்றுதான் நினைப்பார்கள். ஏற்றத்தில் அவன் சைக்கிளைத் தள்ள வேண்டும், இறக்கத்தில் சைக்கிள் அவனைத் தள்ளும். இது தெரிந்தும் நான் ஒரு சைக்கிள் கட்டினேன். கவனிக்கவும், வாங்கவில்லை, கட்டினேன். அதுவும் மோட்டார் சைக்கிள் டயரைவிடத் தடித்த டயர் போட்ட மலைச் சைக்கிள். அந்தப் பைத்தியம் எனக்கு எப்படிப் பிடித்தது என்று வீட்டில் இன்றும் ஆராய்ச்சி நடக்கிறது. (அம்மாவின் முடிவு: யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள். அப்பாவின் முடிவு: வைத்தவன் கூலிகூட வாங்கியிருக்க மாட்டான், அவ்வளவு சுலபமான வேலை.)

அப்போது நான் ஹட்டனில் ஒரு போன் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தேன். வீடு பொகவந்தலாவைப் பக்கம், தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில், வரிசை வீடுகளான லயத்தில். கடையில் ஆள் வராத நேரமெல்லாம் வீடியோ பார்ப்பேன். வெள்ளைக்காரர்கள் கொழுத்த டயர் சைக்கிளில் பனியிலும் மணலிலும் சும்மா மிதந்து போவார்கள். எங்களிடம் பனிக்கட்டியும் இல்லை, பாலைவனமும் இல்லை. ஆனால் சேறு இருக்கிறது. ஏற்றுமதி செய்கிற அளவுக்கு இருக்கிறது. அது போதாதா?

சைக்கிள் பிரேமை இணைய விளம்பரத்தில் பிடித்தேன். நீர்கொழும்பில் யாரோ விற்றது, லொறியில் கினிகத்தேனை வரை வந்தது. அங்கிருந்து அதை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தபோது, பக்கத்து சீட்டு அம்மா ஒருவர் ஆஸ்பத்திரிக் கட்டிலா என்று சிங்களத்தில் அன்பாக விசாரித்தார். யாருக்கு உடம்பு சரியில்லை என்றும் கேட்டார். எனக்குத்தான் என்று சொல்லியிருக்க வேண்டும்.

மற்ற சாமான்கள் ஒவ்வொன்றாக வந்தன. வந்த எதுவும் முன்னால் வந்ததோடு பொருந்தவில்லை. முதல் டயர், முன் வீலைப் பிடிக்கிற போர்க்குக்குள் நுழையவே மறுத்தது. போர்க்கை மாற்றினால், அதற்கு ஏற்ற வீல் இல்லை. வீல் வந்ததும் செயின் போய் டயரை உரசியது. ஹட்டனில் மோட்டார் சாமான் கடை வைத்திருந்த என் கூட்டாளி ரியாஸ்தான் வாஷர் மேல் வாஷர் போட்டு செயினை வெளியே தள்ளினான். நீலப் பிளாஸ்டிக் பீப்பாயை வெட்டி மட்கார்ட் செய்தோம். மணிக்குப் பதிலாக முச்சக்கர வண்டி ஹார்ன். பிரேக்குக்கு மட்டும் கஞ்சத்தனம் பார்க்காமல் இரண்டு வீலுக்கும் பிரேக் கவ்விப் பிடிக்கிற பளபளக்கும் டிஸ்க் தட்டு போட்டேன்.

எல்லாம் முடிந்த அன்று ரியாஸ் தள்ளி நின்று பார்த்தான்.

"மச்சான், இது சைக்கிளா, இல்ல ட்ராக்டர் போட்ட குட்டியா?"

எனக்கு அது பாராட்டாகத்தான் காதில் விழுந்தது.

இப்போது புவனாவுக்கு வருகிறேன். புவனா கீழ் டிவிசனில் பாலர் பாடசாலை டீச்சர். எனக்கும் அவளுக்கும் இரண்டு டிவிசனுக்கும் தெரிந்த ரகசியம் ஒன்று இருந்தது. தடையாக இருந்தது அவள் அம்மா பாக்கியம். அப்பா கொழும்பில் கடை வேலை, பாக்கியம் அத்தை சொல்வதுதான் அவருக்கும் தீர்ப்பு. அத்தையைப் பற்றி ஒன்று சொன்னால் போதும்: அவர் ஒருநாளும் அரைப்பேர் வாங்காத ஆள். தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்குப் பேர் என்று பெயர். அன்றைக்குச் சொன்ன அளவு கொழுந்து பறித்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். மழை, காய்ச்சல், குளவிக்கொட்டு எது வந்தாலும் அத்தை முழுப்பேர்தான். அதைச் சொல்லும்போது அவர் கழுத்து கொஞ்சம் நீளும்.

அப்படிப்பட்டவருக்கு, சம்பளத்தைச் சைக்கிளில் கொட்டுகிற மாப்பிள்ளை. போதாக்குறைக்கு இறம்பொடைப் பக்கத்திலிருந்து கடை வைத்திருக்கிற ஒருவன் பெண் கேட்டு ஆள் அனுப்பியிருந்தான். (அவனிடம் இருந்தது மோட்டார் சைக்கிள். நிஜ மோட்டார் சைக்கிள்.) புவனா அழுது, சாப்பிடாமல் கிடந்து, கடைசியில் அத்தை இப்படிச் சொல்லியனுப்பினார்:

"சனிக்கெழம அந்தி நிறுவைக்கு மடுவத்துக்கு வரச் சொல்லு. லீவு போட்டு மாப்புள பாக்க நமக்கு வசதியில்ல. அந்தச் சைக்கிளோடயே வரட்டும். சம்பளத்த எதுல கொண்டுபோயி போட்டிருக்கான்னு நானும் பாக்குறேன். அதுக்கப்புறம் இறம்பொடைக்காரங்களுக்குப் பதில் சொல்றேன்."

மடுவம் என்பது கொழுந்து நிறுக்கிற கொட்டகை. கீழ் டிவிசனில், எங்கள் லயத்திலிருந்து ஒரே இறக்கம். அந்த இறக்கத்தில் நான் மிதந்து வந்து மெல்ல நிற்பதைப் பார்த்தால் அத்தை மனம் மாறிவிடும் என்று நம்பினேன். திட்டத்தில் 'மெல்ல நிற்பது' என்ற பகுதிதான் முக்கியம்.

சனிக்கிழமை மத்தியானம் அம்மா குறுக்கே வந்து நின்றார்.

"பூச போடாத வண்டியிலயா நல்ல காரியத்துக்குப் போற? மொதல்ல கோயிலுக்குத் தள்ளு."

மாரியம்மன் கோயில் வாசலில் பூசாரி அண்ணன் இரண்டு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார். லொறி, பஸ், முச்சக்கர வண்டி எல்லாம் ஏறி நசுக்குகிற அதே வழக்கம். நான் ஏறி உட்கார்ந்து மிதித்தேன். இந்த டயருக்குக் காற்று மிகக் குறைவாக வைக்க வேண்டும், மெத்தை மாதிரி இருக்கும். சைக்கிள் பழத்தின் மேல் ஏறியது, இறங்கியது. பழம் லேசாக வியர்த்து, முழுசாகக் கிடந்தது.

கூட்டத்தில் ஒரு "ஐயோ" கேட்டது. மறுபடி ஏற்றினேன். இந்தத் தடவை முன் பழம் டயரின் கட்டைகளுக்கு நடுவே சிக்கி, டயரோடு சேர்ந்து சுற்றி, நீல மட்கார்ட் வரை மேலே போய் என் முகத்துக்கு நேரே நின்றது. பூசாரி அண்ணன் தன் அனுபவத்தில் இப்படி ஒரு பழத்தைப் பார்த்ததில்லை என்றார்.

"பழம் நசுங்காம நீ இந்த எடத்த விட்டு அசையக் கூடாது" என்றார் அம்மா. "ரியாசு தம்பி, காத்தடிங்க!"

"அம்மா, இதுக்குக் காத்து கம்மியாத்தான் இருக்கணும்."

"கம்மியா இருக்கறது டயர்லயா, ஒன் மண்டையிலயா?"

ரியாஸ், பெரியவர்கள் சொல்லைத் தட்டாதவன், லொறிப் பம்பை எடுத்து வந்து மிதித்தான். டயர் பாறையானது. பழம் வெடித்து, சாறு பூசாரி அண்ணன் கண்ணிலேயே அடித்தது. எல்லாருக்கும் திருப்தி.

ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டே அவர் சந்தனம் வைக்கத் தொடங்கினார். ஹேண்டிலில், சீட்டில், ஹார்னில். பிறகு வீல் நடுவே வட்டமாக மின்னும் தட்டுகளைப் பார்த்தார். சந்தனம் வைக்க அதைவிட லட்சணமான இடம் உலகத்தில் உண்டா? காய்ந்து உதிரக் கூடாதென்று விளக்கு எண்ணெயில் குழைத்து, மூன்று கோடாக இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தார். இரண்டு தட்டிலும், இரண்டு பக்கமும். பக்தியில் அவர் குறை வைக்கவில்லை.

டிஸ்க் தட்டில் விரல்கூட வைக்காதீர்கள் என்று ஒரு வெள்ளைக்காரர் வீடியோவில் தலைபாடாக அடித்துக்கொண்டது உண்மைதான். கை கழுவாதவர்களுக்குச் சொல்கிறார் என்று அந்தப் பகுதியை ஓட்டிவிட்டிருந்தேன். இப்போது போட்டோ எடுத்து புவனாவுக்கு அனுப்பினேன். அவள் கும்பிடுகிற கைப் படம் ஒன்றை அனுப்பினாள். அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள எனக்குத் தெரியவில்லை.

கிளம்பினேன். புதுச் சட்டை, புதுச் சப்பாத்து. முதல் வளைவுக்கு முன்னால் பிரேக்கைப் பிடித்தேன். சைக்கிள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. இன்னும் அழுத்தினேன். கம்மென்று சந்தன வாசம் வந்தது. கோயிலுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. கும்பிட வேண்டிய நேரம்தான், ஆனால் இரண்டு கையும் வேலையாக இருந்தன.

இரண்டாம் வளைவில் பிரேக் சத்தம் போட ஆரம்பித்தது. எண்ணெய் குடித்த டிஸ்க் போடுகிற சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள், கேட்கவும் வேண்டாம். ஏதோ ஒரு மிருகத்தை உயிரோடு உரிக்கிறார்கள் என்று தோன்றும். பாறையான டயரோ ஒவ்வொரு கல்லுக்கும் என்னை ஆகாயத்தில் எறிந்து பிடித்தது. காலைத் தரையில் ஊன்றினேன். வலது சப்பாத்தின் அடிப்பாகம் கழன்று தேயிலைக்குள் போய்விட்டது. எச்சரிக்கலாம் என்று ஹார்னை அமுக்கினேன், அது அமுங்கியபடியே மாட்டிக்கொண்டது.

அந்த வாரம்தான் கீழ் டிவிசனில் சிறுத்தை ஒன்று நாயைத் தூக்கியிருந்தது. மடுவத்துப் பெண்கள் கொழுந்தைப் படங்குத் துணிகளில் கொட்டி முற்றல் இலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். மேலே தேயிலைக்குள்ளிருந்து அலறலும் ஊளையுமாக ஏதோ இறங்கி வருகிறது.

"சிறுத்தடீ! சிறுத்த!"

எல்லாரும் சிதறினார்கள். கொழுந்து நிறுத்துக் கணக்கு எழுதுகிற கணக்கப்பிள்ளை ஐயா பாய்ந்து தராசுக் கொக்கியைப் பிடித்துத் தொங்கினார். (தராசு அவர் எடையைக் கொஞ்சமும் குறைக்காமல் காட்டியதாம். கொழுந்துக்கு அது அந்த மரியாதையைச் செய்ததில்லை என்று பெண்கள் பல நாள் பேசினார்கள்.)

ஓடாமல் நின்றது ஒரே ஆள். பாக்கியம் அத்தை தன் படங்குக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து, சிறுத்தைக்கே கேட்கட்டும் என்று கத்தினார்:

"எங் கொழுந்து இன்னும் நிறுக்கல!"

அவருக்கு நேரே நான். ஹேண்டில் திரும்பியது. டயர் படங்கின் ஓரத்தில் மோதி எகிறியது. நான், சைக்கிள், படங்கு, அத்தையின் அந்தி நிறுவைக் கொழுந்து எல்லாமாக, மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்குள் போய் விழுந்தோம். ஹார்ன் தண்ணீருக்கடியில் கொஞ்ச நேரம் குமிழி விட்டு அடங்கியது.

நான் தலையைத் தூக்கினேன். காதில் கொழுந்து, வாயில் சேறு.

"வணக்கம் அத்த" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கானில் மிதந்து போகிற கொழுந்தைப் பார்த்தார். இறங்கி, அள்ள முடிந்ததை அள்ளிக் கொண்டுபோய்த் தராசடியில் வைத்தார்.

"நிறுங்கய்யா."

"பாக்கியம், இதுல மண்ணு கெடக்கு. எண்ண, குங்குமம் வேற. பேக்டரியில எடுக்க மாட்டாங்க." கணக்கப்பிள்ளை ஐயா மெதுவாகத்தான் சொன்னார். "காலைல நிறுத்தது மட்டுந்தான் கணக்கு. இன்னைக்கு அரப்பேருதான்."

அத்தை கொட்டகைத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். முழங்கால் உரிந்தது, மூக்கில் ரத்தம் வந்தது எதுவும் எனக்கு அதுவரை வலிக்கவில்லை. அந்தக் கழுத்து தாழ்ந்ததைப் பார்த்தபோது வலித்தது. அழுகை வந்தது. ஓரமாக நின்ற புவனா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். இறம்பொடைக்காரனின் மோட்டார் சைக்கிள் சத்தம் எனக்கு அங்கேயே கேட்டது.

கூட்டத்தில் ஒரு அக்கா குரல் கொடுத்தார்: "இவரையும் கொக்கியில மாட்டுங்கய்யா. ஈரக் கொழுந்துக்குக் கழிக்கிற மாதிரி தண்ணிக்குக் கழிச்சா என்ன மிஞ்சுதுன்னு பாப்போம்."

சிரிப்பு வெடித்தது. அத்தை சிரிக்கவில்லை.

"அத்த, அந்தச் சம்பளத்த நான் குடுத்துர்றேன்" என்றேன்.

"ஒங்கிட்ட காசா கேட்டேன்? எம் பேரு போச்சு. நாளைக்கு ஞாயித்துக்கெழம, கிலோவுக்கு இவ்வளவுன்னு காசுக்கு எடுப்பாங்க. வந்து பறிச்சுக் குடு."

மறுநாள் தலையில் கயிற்றை மாட்டி, முதுகில் கூடை தொங்க, நொண்டிக்கொண்டு மலையேறினேன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் கொழுந்து பறிப்பது ரத்தத்திலேயே இருக்கும் என்று நினைத்தேன். ரத்தத்தில் இருந்தது அட்டைகள் மட்டும்தான். அத்தை பக்கத்து நிரையில் மழை பெய்கிற மாதிரி பறித்துக்கொண்டு போனார். நான் ஒவ்வொரு இலையிடமும் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தியில் என் கூடையைத் தொங்கவிட்டபோது தராசு முள் அசைந்ததா என்று கணக்கப்பிள்ளை ஐயா தட்டிப் பார்த்தார். பாதி முற்றல் இலை. பொறுக்கி எறிந்தபின் மிச்சம் கூடையின் எடைதான்.

"இது அரப்பேருக்கே காணாதே பாக்கியம்" என்றார்.

அப்போதுதான் அத்தை சிரித்தார். உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"பரவால்லய்யா, அரப்பேரு போட்டுக்கங்க. எம்மேல ஏத்தாம கான்ல போயி விழுந்தான்ல, அது போதும். மிச்ச அரப்பேர எம் மக பாத்துக்குவா."

இறம்பொடைக்குப் பதில் போய்விட்டது. (அன்று ஹேண்டிலைத் திருப்பியது நானா, டயரா என்று எனக்கே தெளிவில்லை. கல்யாணமான வீட்டில் அதைக் கிளறுவது நல்லதல்ல.)

சைக்கிளை என்ன செய்வது என்று நான் யோசிப்பதற்குள் அத்தையே எடுத்துக்கொண்டார். ஓட்ட மாட்டார், தள்ளுவார். பின்னால் கேரியர் பற்றவைத்து, விறகு, மாட்டுக்குப் புல், தண்ணீர்க் கேன் எல்லாம் அதில்தான். சேற்றில் புதையாத வண்டி தோட்டத்திலேயே அது ஒன்றுதான். காற்றை இறக்கிவிட்டால் நன்றாக உருளும் என்று யாரும் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டார். ஆயுத பூசைக்குப் பூசாரி அண்ணன் சந்தனக் கிண்ணத்தோடு வந்தால், அத்தை முதலில் இரண்டு டிஸ்க் தட்டிலும் துணி சுற்றிவிட்டுத்தான் வழிவிடுவார்.

வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அறிமுகமும் அவர்தான் செய்வார். முன்வாசல் இஸ்தோப்பில் சாத்தியிருக்கிற சைக்கிளின் சீட்டில் தட்டி, "இது முழுப்பேரு" என்பார். பிறகு என் பக்கம் கையைக் காட்டி, "அது அரப்பேரு, நம்ம மாப்புள" என்பார்.

நான் வணக்கம் சொல்லிவிட்டு, முழுப்பேரின் முதுகிலிருந்து விறகை இறக்குவேன்.