துப்பட்டாவில் கட்டி இழுத்து வந்த மாப்பிள்ளை

மேதாவித் துப்பறிவாளர்களின் கதையைப் படிப்பவர்களால் நாட்டுக்கு ஆபத்தில்லை. 'இதெல்லாம் நமக்கு வராது' என்று புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்கிவிடுவார்கள். அசட்டுத் துப்பறிவாளர்களின் கதையைப் படிப்பவர்கள்தான் ஆபத்தானவர்கள். என்னைப் போல.

ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் எனக்கு ரிசப்ஷன் வேலை. தங்கிப் போகிறவர்கள் விட்டுச்சென்ற புத்தகங்களில்தான் அந்தத் தொடர் கிடைத்தது. ஜாமீனில் வெளியே வந்து கோர்ட்டுக்கு டிமிக்கி கொடுப்பவர்களைப் பிடித்துக் கொடுத்துப் பிழைக்கும் ஒரு பெண்ணின் கதை. இருபது பாகத்துக்கு மேல் வந்தும் அவள் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. மறைந்திருந்து கண்காணிக்கப் போனால் தூங்கிவிடுவாள். துரத்தினால் செருப்பு அறுந்துவிடும். கடைசியில் குற்றவாளியே வந்து அவள்மேல் மோதி விழுவான். (அதுதான் ருசியே. இவளே பிடிக்கிறாள், நமக்கென்ன குறை என்று ஒரு தெம்பு வரும்.)

அந்தத் தெம்பு உச்சத்தில் இருந்த ஒரு காலை நேரத்தில் சித்தி போன் செய்தார். மறுநாள் அவர் மகள் மெர்சிக்கு ஏற்காட்டிலேயே கல்யாணம்.

"ஸ்டெல்லா, மாப்பிள்ளையக் காணோம் சாமி! ஏரிக்கரையில போட்டோ எடுக்க வரச் சொல்லியிருந்தோம். சேலத்துல இருந்து பஸ்ஸுல வந்து எறங்குனத அவரு சிநேகிதன் பாத்திருக்கான். அப்புறம் ஆளே இல்லை. போனும் ஆஃப்!"

"அழாதீங்க சித்தி. நான் பிடிச்சுத் தர்றேன்" என்றேன். என் குரல் எனக்கே பிடித்திருந்தது.

நிச்சயதார்த்தத்தன்று எனக்கு டூட்டி. அதனால் மாப்பிள்ளையை நேரில் பார்த்ததில்லை. கையில் இருந்தது ஒரு வாட்ஸ்அப் போட்டோ: தாடி, கண்ணாடி. (இந்தக் காலத்தில் தமிழ்நாட்டு ஆண்களில் பாதிப் பேரின் அங்க அடையாளம்.) மேனேஜரின் ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். ஜீப் ஸ்டாண்டில் ஒரு டிரைவர் போட்டோவைப் பார்த்துவிட்டு, "இந்த மாதிரி ஒருத்தரு செம்மநத்தம் பக்கம் போனாருங்க" என்றார். 'மாதிரி' என்ற சொல்லை நான் கவனிக்கவில்லை.

செம்மநத்தம் டீக்கடையில் தாடியும் கண்ணாடியுமாக ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். பாய்ந்துபோய்ச் சட்டையைப் பிடித்தேன். டீ என் மேலேயே கொட்டியது.

"நாளைக்குக் கல்யாணம்னு தெரியுமில்லீங்க?"

"தெரியுங்களே" என்றார் அவர், பாவமாக. "நான் இல்லாம எப்படிங்க நடக்கும்? கட்டாயம் வந்துருவேன்."

"வர்றவரு எதுக்குங்க இங்க ஓடி வந்தீங்க?"

"ஓடலைங்க. பஸ்ஸுலதான் வந்தேன். இங்க ஒரு ஊட்டுல பெரியவருக்கு நொம்ப முடியலைன்னாங்க..."

பொய்க்குக்கூட ஒரு லட்சணம் வேண்டாமா என்று எரிச்சலாக வந்தது. "ஏறுங்க வண்டில!"

டீக்கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முறைத்தேன், அடங்கிவிட்டார். பின்னால் ஏறியவர் வழியில் குதித்துவிடக் கூடாதே என்று துப்பட்டாவின் ஒரு நுனியை அவர் மணிக்கட்டிலும் மறுநுனியை என் இடுப்பிலும் கட்டினேன். அப்படியே கடைவீதி வழியாக ஊர்வலம். பஜ்ஜிக் கடைப் பெண் கரண்டியைத் தூக்கியபடி சிலையாக நின்றார். சிலர் எழுந்து கும்பிட்டார்கள். எனக்குத்தான் அந்த மரியாதை என்று தலையசைத்துக்கொண்டே வந்தேன்.

லாட்ஜ் வாசலில் சித்தியும் மெர்சியும் காத்திருந்தார்கள். "இந்தாங்க சித்தி!" என்று துப்பட்டாவை இழுத்தேன்.

சித்தி கைகூப்பினார். "ஸ்தோத்திரம் ஃபாதர்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "அடிப் பாவி! கல்யாணத்த நடத்தி வெக்கப்போற புது ஃபாதருடி!"

(ஞாயிற்றுக்கிழமையும் டூட்டி என்று சொல்லிக் கோயிலுக்கு மட்டம் போட்டதன் பலன்.) ஃபாதர் பொறுமையாக முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். முடிச்சை நான் நன்றாகவே போட்டிருந்தேன்.

அப்போது மாடியிலிருந்து மழமழவென்று சவரம் செய்த முகத்தோடு ஒருவர் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க ரிசப்ஷன்... அந்தக் கேமராக்காரர் போயிட்டாருங்களா?"

மெர்சி 'வீல்' என்று கத்தினாள். மாப்பிள்ளை!

காலையில் அவருக்கு ரூம் சாவி கொடுத்தது நான்தான். ஆதார் கார்டை வாங்கி நகலும் எடுத்தேன். பெயரைத்தான் படிக்கவில்லை. அப்போது நான் படித்துக்கொண்டிருந்த பக்கத்தில் நம் நாயகி தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தாள்.

"பொண்ணத் தூக்கிட்டு ஏரிக்கரையில ஓடி வரணும்னு கேமராக்காரரு சொன்னாருங்க" என்று மாப்பிள்ளை தலைகுனிந்தார். "ஊரே பாக்கும். கூச்சமா இருந்துச்சுங்க. அடையாளம் தெரியக் கூடாதுன்னு தாடியையும் எடுத்துட்டேன்."

மெர்சி மாடிப்படியருகே போனாள். "இத எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள். "எனக்கும்தாங்க அது புடிக்கலை. எங்க கீழ போட்டுருவீங்களோன்னு நேத்தெல்லாம் தூக்கமே இல்லை."

போட்டோ ரத்தானது, கல்யாணம் நடந்தது. நான் கடைசி பெஞ்சில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம். அதே கோயில், அதே ஃபாதர். சம்மதம் கேட்கும் முன் ஜெபப் புத்தகத்தை மூடிவிட்டு, மைக்கிலேயே கேட்டார்: "ஸ்டெல்லா, நல்லாப் பாத்துச் சொல்லும்மா. ஆள் இவருதானா?"

கோயிலே சிரித்தது. இன்றும் சொந்தக்காரர்கள் கூடினால் எங்கள் கல்யாண வீடியோவில் அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். ஃபாதர் கேட்டதற்காக அல்ல. அவர் கேட்டதும் நான் சட்டென்று திரும்பி, மாப்பிள்ளையின் முகத்தை உற்றுப் பார்த்து உறுதி செய்துகொள்வது அதில் அவ்வளவு தெளிவாகப் பதிவாகியிருக்கிறது.