பாத்தியில் விழுந்த ஒன்பது கிலோ

அந்தக் காட்சியைத் தங்கள் கண்ணால் பார்த்ததாக மரக்காணத்தில் இன்றைக்கு இருநூறு பேராவது சொல்கிறார்கள். பொய். அன்றைக்கு மத்தியானம் உப்பளத்தில் இருந்தவர்கள் எட்டே பேர். எடை போடும் வேலையில் இருந்த நான். மேஸ்திரி கோவிந்தன். உப்பு வாரிக்கொண்டிருந்த அஞ்சலை அக்கா, அவரோடு வேலை செய்த மூன்று பெண்கள். என் மனைவி சரோஜா. எட்டு மாதக் குழந்தையான எங்கள் மகள் தேவி. ஒன்பதாவதாக ஒருவரைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்பதில்தான் அன்றைக்குக் குழப்பமே வந்தது.

நான் ஏழாவதோடு படிப்பை விட்டவன். விட்டதற்குக் காரணமும் கவலைதான். எட்டாவது வகுப்புப் பள்ளிக்கூடத்துக்குப் போக ஓர் ஓடையைத் தாண்ட வேண்டும் (முழங்கால் தண்ணிதான், இருந்தாலும் தண்ணி தண்ணிதானே). கல்யாணம் ஆனதும் கவலை இரண்டு மடங்காயிற்று. தேவி பிறந்த பிறகு அதற்கு அளவே இல்லை. அவள் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பேன். அவள் விழித்துக்கொண்டு அழுவாள். ஏன் அழுகிறாள் என்று அடுத்த கவலை தொடங்கும்.

சரோஜா அனுமந்தைக் கடற்கரையில் பிறந்தவள். சின்ன வயதில் வலைக்கயிற்றில் சிக்கி இடது மணிக்கட்டு வலுவிழந்துவிட்டது. வலது கை மட்டும் இரண்டு கை வேலையைச் செய்யும். ஆனால் ஒரே கையில் குழந்தையையும் பையையும் பிடித்துக்கொண்டு பஸ் ஏற முடியாது. அம்மா வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் துணைக்கு யாராவது வர வேண்டும். வருகிறவர்களுக்கு நேரம் ஒழிய வேண்டும்.

"எனக்கு வெறுத்துப் போச்சுங்க," என்றாள் ஒருநாள். "என் புள்ளைய எங்கம்மா வூட்டுக்கு நானே கூட்டினு போவணும். கோட்டக்குப்பத்துல மடக்குற குழந்தை வண்டி வந்திருக்குதாம். வாங்கிக் குடுங்க."

எழுபதுகளின் கடைசி அது. கோட்டக்குப்பத்தில் பாதி வீட்டு ஆண்கள் துபாயில் இருந்தார்கள். அவர்களில் ஒருவருடைய மாமனார் ஜமால் பாய். மருமகன் கொண்டுவந்த சாமான்களை வீட்டின் முன்னறையில் வைத்து விற்பார். அவரிடம் இரண்டு வண்டிகள் இருந்தன. ஒன்று பளபளவென்று, பெரிய சக்கரங்களோடு, ஜமீன்தார் பல்லக்கு மாதிரி. இன்னொன்று நீலக்கோடு போட்ட துணி, ஒல்லிக் குழாய்கள், குடைக்காம்பு போல் வளைந்த இரண்டு கைப்பிடிகள்.

"இது மூணு கிலோ தம்பி. மடக்கினா குடை மாதிரி கையில மாட்டிக்கலாம். அது பதிமூணு கிலோ. மடக்கினாலும் அது பதிமூணு கிலோதான்."

"பாய், மூணு கிலோ வண்டி ஒம்போது கிலோ புள்ளையத் தாங்குமா?" (குழந்தையின் எடையை நான் துல்லியமாகச் சொல்வேன். வாரா வாரம் உப்புத் தராசில் வைத்துப் பார்ப்பவன்.)

பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க எவ்ளோ எடை?"

"ஐம்பத்தாறு."

"உங்க செருப்பு?"

பதில் சரியாக இருந்தது. அதனாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "எடுத்துட்டுப் போய் வச்சிப் பாருங்க. வெள்ளிக்கிழமை தொழுகைக்கு முன்னாடி வேணுமா வேணாமான்னு சொல்லிடணும். பாண்டியில ஒரு வீட்ல கேட்டிருக்காங்க. இனிமே இந்த மாதிரி எப்ப வரும்னு அல்லாவுக்குத்தான் தெரியும்."

வண்டி மூன்று நாள் எங்கள் வீட்டில் இருந்தது. நான் யாரையும் தொடவிடவில்லை.

"ஒரு தடவ மடக்கிப் பாக்கட்டுமா?" என்றாள் சரோஜா.

"வெரலு மாட்டிக்கும்."

"புள்ளைய ஒக்கார வெக்கட்டுமா?"

"துணி கிழிஞ்சிட்டா?"

"அப்ப நீங்களே ஒக்காந்து பாருங்க."

(உட்கார்ந்து பார்த்தேன். துணி கிழியவில்லை. என்னை வெளியே எடுக்கத்தான் பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேர் வர வேண்டியிருந்தது.)

"பேசாம பெரிய வண்டிய வாங்கிடலாம் சரோ. அதுதான் கெட்டி."

"அதை நான் எந்தக் கையால பஸ்ல ஏத்தறது? நாளைக்கு இதைத் திருப்பிக் குடுத்தீங்கன்னா, இனிமே எங்கம்மா வூட்டுக்கு நீங்கதான் துணைக்கு வரணும். வாரம் ஒரு தடவ."

மாமியார் வீட்டுக்கு வாரம் ஒருமுறை என்றதும் எனக்குச் சுறுசுறுப்பு வந்துவிட்டது.

உப்பளத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதுக் கூடை வந்தால் உடனே பெண்கள் தலையில் ஏற்ற மாட்டோம். ஈர உப்பை முட்ட நிரப்பி, வரப்பில் ஒரு நடை தூக்கிப் பார்ப்போம். அடி தாங்கினால் எடுத்துக்கொள்வோம், பிய்ந்தால் முடைந்தவனுக்கே திருப்பிவிடுவோம். கூடைக்கு உள்ள நியாயம் வண்டிக்கும் உண்டுதானே. வியாழக்கிழமை மத்தியானம் வண்டியைத் தூக்கிக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன்.

தலையணை உறையில் ஒன்பது கிலோ உப்பை அளந்து கொட்டினேன். வண்டியில் வைத்தால் அது சரிந்தது. குழந்தை மாதிரி உட்காரவில்லை. அதனால் மேல்பகுதியில் கொஞ்சம் உப்பைப் பிரித்து, கழுத்து மாதிரி கயிற்றால் கட்டினேன். கவுன் சக்கரத்தில் மாட்டுமா என்று தெரிய வேண்டுமே, தேவியின் ரோஸ் கவுனைப் போட்டேன். காற்றில் குல்லா பறக்குமா என்று பார்க்கக் குல்லாவையும் வைத்தேன். புது வண்டி முதல்முதலாக வெளியே வருகிறது, நாலு பேர் கண் படும். ஒரு கரித்துண்டை எடுத்து, குல்லாவுக்குக் கீழே பெரிதாக ஒரு திருஷ்டிப் பொட்டும் வைத்துவிட்டேன்.

வரப்பில் இரண்டு நடை தள்ளினேன். வண்டி தாங்கியது. அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். பிரேக் பிடிக்குமா என்று ஒரு கவலை பாக்கி இருந்தது.

வரப்பு மடைப் பக்கம் சரியும் இடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்கு மேலிருந்த தகட்டைக் காலால் அழுத்திவிட்டுக் கையை எடுத்தேன். அந்த வண்டிக்கு இரண்டு பக்கமும் தனித்தனித் தகடு என்று எனக்குத் தெரியாது. ஒரு சக்கரம் நின்றது. இன்னொன்று உருண்டது. வண்டி அரைவட்டம் அடித்து, என்னை ஒருமுறை நேருக்கு நேர் பார்த்துவிட்டு, உப்புத் தண்ணீர் தேங்கிய பாத்தியில் தலைகுப்புற விழுந்தது.

நாலு பாத்திக்கு அப்பாலிருந்து அஞ்சலை அக்காவின் குரல் கேட்டது.

"ஐயோ, எடைக்காரர் புள்ள உப்புத் தண்ணியில வுழுந்துடுச்சு."

நான்கு பெண்களும் கூடையைப் போட்டுவிட்டுப் பாத்திக்குள் இறங்கி ஓடி வந்தார்கள். மேஸ்திரி எதிர்ப்பக்கத்திலிருந்து ஓடி வந்தார். அந்தக் கூச்சலைக் கேட்டதும் நான் என்ன செய்தேன் என்பதை இத்தனை வருடம் மறைத்துப் பார்த்தேன், முடியவில்லை. "என் புள்ள" என்று அலறிக்கொண்டு நானும் குதித்தேன். உப்பை அளந்து கொட்டியவன் நான். கழுத்தில் கயிறு கட்டியவன் நான். அது ஒன்றுகூட அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. குழந்தை தண்ணீரில் விழுந்துவிட்டது என்கிறார்கள், எனக்குக் குழந்தை இருக்கிறது, அவ்வளவுதான் புரிந்தது. நாலு விரல் ஆழத் தண்ணீரில் நீச்சலடித்தேன்.

அக்காதான் முதலில் போய்ச் சேர்ந்தார். கவுனோடு வாரி எடுத்து, குடித்த தண்ணீர் வெளியே வரட்டும் என்று தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினார். நான் கீழே மண்டியிட்டு, "மூச்சு வருதா அக்கா, மூச்சு வருதா" என்று அண்ணாந்து அழுதேன். கயிறு அவிழ்ந்தது. ஒன்பது கிலோவும் என் தலையில் கொட்டியது.

அக்கா காலி உறையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அப்போதுதான் சரோஜா வரப்பின் மேல் தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். "என் தங்கமே, உன்னை இவர்கிட்ட வுட்டுட்டேனே" என்று கதறினாள். வண்டியைத் தேடி உப்பளத்துக்கு வந்துகொண்டிருந்த அவள் காதுக்கும் கூச்சல் எட்டியிருக்கிறது.

மேஸ்திரி அவளை நிதானமாகப் பார்த்தார்.

"ஏம்மா, உன் இடுப்புல இருக்கிறது யாரு?"

சரோஜா குனிந்து பார்த்தாள். தேவி அம்மா குதிரை ஓட்டுகிறாள் என்று நினைத்துப் பொக்கை வாயால் சிரித்துக்கொண்டிருந்தாள். முதலில் அஞ்சலை அக்கா சிரித்தார். பிறகு எல்லோரும் பாத்தியிலேயே உட்கார்ந்து சிரித்தார்கள்.

மேஸ்திரிதான் முதலில் சுயநினைவுக்கு வந்தார். மறுநாள் வார வேண்டிய ஐந்து பாத்தி உப்பு எங்கள் காலடியில் சேறாகிக் கிடந்தது. "ஏம்பா, புள்ளையப் பெத்தவனே, அஞ்சையும் நீயே வழிச்சு சுத்தம் பண்ணு" என்று பலகையை என் கையில் கொடுத்தார்.

சரோஜா குழந்தையை அக்காவிடம் கொடுத்துவிட்டு வண்டியைத் தூக்கினாள், வலது கையால். குடிக்க வைத்திருந்த பானைத் தண்ணீர் முழுவதையும் அதன்மேல் ஊற்றிக் கழுவினாள். காலால் ஒரு கம்பியைத் தட்டி, கையால் ஒரு இழுப்பு. மடங்கிவிட்டது. கைப்பிடியை முழங்கையில் மாட்டிக்கொண்டு இப்படியும் அப்படியும் நாலடி நடந்து பார்த்தாள். மறுபடி விரித்தாள்.

"மூணு நாளா இதைத்தான் கேட்டேன்," என்றாள்.

தேவியை அதில் உட்கார வைத்து வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனாள். மறுநாள் காலை நான் ஜமால் பாயிடம் விலையைக் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது வீடு பூட்டியிருந்தது. தாயும் மகளும் துணையில்லாமல் அனுமந்தைக்குப் பஸ் ஏறியிருந்தார்கள். சாயங்காலம் வரை நான் பஸ் நிறுத்தத்திலேயே நின்றேன் (கவலைதான், வேறென்ன).

அடுத்த வாரம் அஞ்சலை அக்கா வந்தார். "தம்பி, தண்ணியில வுழுந்த புள்ளையத் தூக்கினவளுக்குப் புடவை எடுத்துக் குடுக்கிறது மொறை."

"அக்கா, அது உப்புதானே?"

"நான் புள்ளைன்னு நெனச்சுத்தான குதிச்சேன். உள்ள உப்பு இருந்தா அது என் குத்தமா?"

நியாயம்தான். புடவை இருபத்திரண்டு ரூபாய் என்று பேசி, பத்து ரூபாய் கொடுத்தேன். மீதியை அந்தத் தீபாவளிக்குக் கொடுக்கப் போனேன். வாங்கவில்லை. தேவி கல்யாணத்தில் பட்டுப் புடவையே எடுத்து வைத்தேன். அதை வாங்கிக்கொண்டார். "இது கல்யாணத்துக்கு. அது வேற, இது வேற" என்றார். போன மாதம் தேவியின் மகனை, என் பேரனைப் பார்க்க வந்தவர் நேராக அவன் வண்டியிடம் போய், போர்வையை விலக்கி, குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி, அது அழுத பிறகுதான் உட்கார்ந்தார்.

அன்றும் பணத்தை நீட்டினேன். கையைத் தட்டிவிட்டார்.

"அதை வாங்கிட்டேன்னா, உன் வூட்டு விசேஷத்துல நான் இன்னாத்தச் சொல்லி மொத பந்தியில குந்தறது?"

ஆகவே இன்று வரை பாக்கி, பன்னிரண்டு ரூபாய்.