ஜிம்மிக்கு வெட்டிய குழி

ஜிம்மி வெயிலில் செத்தால் அந்தப் பழி தன் தலையில்தான் என்று முத்தலிபு முடிவு கட்டிவிட்டார். முந்தல் ஊருக்குப் பக்கத்து இறால் பண்ணையில் அவர் இரவுக் காவல். பண்ணை நாய் ஜிம்மிக்கும் அதே உத்தியோகம். பகலில் அவருக்கு வீடு இருந்தது. ஜிம்மிக்கோ ஒரு புல் நிழலும் இல்லாத குளக்கட்டு. சித்திரை வெயிலில் நாக்கு நிலத்தைத் தொட அது இளைத்த இளைப்பில் இறாலெல்லாம் நித்திரை குழம்பியது. முதலாளியிடம் கேட்டு, கயிற்றோடு வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்.

மனைவி றைஸா வாசலிலேயே மறித்தாள். மார்க்கத்தில் காவல் நாய் வைப்பதில் குற்றமில்லை. அதன் எச்சில் பட்டால் மண்ணும் தண்ணீருமாக ஏழு தரம் கழுவப் போவது யார் என்பதுதான் அவளுடைய கேள்வி.

"வளவுக்குள்ளதானே வெக்கப் போறன். ஒரு குழி வெட்டி, தேங்காப் பொச்சுமட்டை அடுக்கி, தண்ணி தெளிச்சுவிட்டா நுவரெலியா மாதிரி குளுகுளுண்டு இரிக்கும்."

றைஸா வெறும் வளவை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"அப்ப ஆழமா வெட்டுங்க" என்றாள். "மேல் மண் சூடு."

இங்கேயே முத்தலிபு சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அந்த வளவில் நாலு தென்னை வைப்போம் என்று நாட்டுச் சண்டை முடிந்த வருடத்திலிருந்து கேட்பவள் அவள். நாளைக்கு மன்னாருக்குத் திரும்பிப் போகிற ஆக்கள் இங்கே என்னத்துக்குத் தென்னை நடுவது என்பது அவர் பதில். சண்டையில் விரட்டப்பட்டு மன்னாரை விட்டு வந்தபோது அவருக்கு மீசை அரும்பியிருந்தது. இப்போது அது நரைத்தும் விட்டது. அந்த நாளைதான் இன்னும் வரவில்லை.

இடுப்பு வலி என்று வாளி தூக்காத மனுசன் மண்வெட்டியைத் தூக்கினார். இடத்தை றைஸா காட்டினாள். நாயின் மூச்சு சோறாக்குகிற குசினிப் பக்கம் அடிக்கக் கூடாதாம். அடி வைத்து அளந்து, குதிகாலால் கோடு கீறினாள். அவளுடைய பேணுதலை நினைத்து முத்தலிபுக்கே பெருமையாக இருந்தது.

ஜிம்மி குழிக்குள் இறங்கி, ஈர மட்டையில் வயிற்றை ஒட்டிக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டது. முத்தலிபும் கிணற்றடியில் தென்னோலைக் கிடுகு வேய்ந்த பத்தி நிழலில் தன் கட்டிலில் நிம்மதியாகச் சரிந்தார். பின்னேரம் எழும்பிப் பார்த்தால் குழி காலி. நாய் கிணற்றடி ஈர மண்ணில் கிடந்தது.

"அதுக்குப் புடிக்கல்ல போல. பின்னேர வெயில் நேர விழுது" என்றாள் றைஸா. "இஞ்சால ஒண்டு வெட்டிப் பாருங்களன்."

மறுபடியும் அளந்தாள், அவர் வெட்டினார். அதில் எறும்பாம். அடுத்ததில் காற்று வராதாம். இப்படி நாலாவது குழியும் ஆகிவிட்டது. முதலாளி வீட்டு நாய் வசதி பார்க்காதா என்று நாய்க்காக அவளே வாதாடினாள். அவள் கையில் கருவாட்டுத் தலை மணத்தது; ஜிம்மி அந்தக் கையின் பின்னாலேயே போனது. குசினிக் கை மணக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டார். ஜிம்மி மனம் மாறினாலும் மாறும் என்று எல்லாக் குழிக்கும் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தார்.

ஒரு நாள் காலையில் காவல் முடிந்து வந்தவர் வாசல் படலையிலேயே நின்றுவிட்டார். குழிக்கொரு தென்னங்கன்று. ஜும்ஆத் தொழுகையில் நிற்கிற வரிசை கூட அவ்வளவு நேராக இராது. கடைசிக் குழி மட்டும் வெறுமையாகக் கிடந்தது. அவருடைய கிடுகுப் பத்திக்குள் ஈரச் சாக்கில், பக்கத்தில் ஒரு சட்டித் தண்ணீரோடு, அவருக்கு முந்தி ஓடி வந்த ஜிம்மி படுத்திருந்தது.

"என்ட கட்டில் எங்க?"

"உள்ளுக்கு, தகரக் கூரைக்குக் கீழ. நாய்க்குக் கிட்டப் படுத்தா யாரு ஏழு தரம் கழுவுற?"

"அப்ப மன்னார், றைஸா?"

அவள் ஒரு கன்றின் அடி மண்ணை மிதித்து இறுக்கினாள். "போவம். காய்க்கட்டும். வெறுங்கையோட வந்தம், போகக்குள்ள எளனி கொண்டு போவம்."

உள்ளே கட்டிலுக்கு மேல் தகரம் வெயிலில் சடசடத்துக்கொண்டிருந்தது. அவள் குசினிக்குள் போன நேரம் பார்த்து, முத்தலிபு கடைசிக் குழிக்குள் ஒரு காலை வைத்தார். பிறகு மற்றக் காலை. குந்தினார், சாய்ந்தார். அல்லாவே, நுவரெலியாதான். கண் சொருகிக்கொண்டு வந்தது.

தலைக்கு மேலே றைஸாவின் குரல் கேட்டது: "எழும்புங்க. அந்தக் குழிக்கும் தென்னங்கண்டு வந்திட்டுது."