எட்டிதழ் ஜன்னல்

வெள்ளிக்கிழமை காலை பத்து நாற்பதுக்குக் இரும்புத் தகடு அறுக்கும் கட்டிங் பட்டறை ஈஸ்வரபாண்டி போன் செய்தார்.

"ஏம்மா ஜெபஷீலா, சர்ச் ஜன்னலுக்கு வட்டமா கேட்டாகளா, முட்டையா கேட்டாகளா?"

"வட்டம்தாண்ணே."

"நீ அனுப்புனது முட்டை. என் மெஷினு வட்டத்தையும் கோட்டையும்தான் சாப்பிடும். முட்டைன்னா துப்பிரும்."

ஜெபஷீலா, அனுப்பிய படத்தைத் திரையில் திறந்தாள்.

அல்லிநகரத்துக் கட்டட வரைபட அலுவலகத்தில் அவள் இரண்டு வருடம் ஜெராக்ஸ் எடுத்தவள். படம் வரைந்த இம்மானுவேல் துபாய்க்குப் போனதும் முதலாளி தங்கபாண்டி அவளைக் கம்ப்யூட்டர் முன் உட்கார்த்தினார். "இந்த ஜன்னல ஒழுங்கா முடிச்சா சீட்டு உனக்கு. சொதப்புனா மறுபடி ஜெராக்ஸ்தான்." சொல்லிவிட்டு மேகமலைக்கு எஸ்டேட் வேலை பார்க்கப் போய்விட்டார். அங்கே சிக்னல் கிடையாது.

சின்னமனூர்ப் பக்கம் புதிதாகக் கட்டிய சர்ச். முகப்பு ஜன்னலுக்கு இரும்புத் தகட்டில் எட்டிதழ்ப் பூ, நடுவில் சிலுவை. ஞாயிற்றுக்கிழமை பிரதிஷ்டை. தகடு ஒன்றே ஒன்று. படம் இம்மானுவேல் வரைந்து வைத்தது. எல்லாம் சேர்த்துக் கட்டிய ஒரே பிளாக்காக இருந்ததை மெஷினுக்காகத் தனித்தனிக் கோடும் வட்டமுமாக உடைத்து அனுப்பியது மட்டும்தான் அவள் வேலை.

உடைத்ததில் ஒரு வட்டத்தைத் தொட்டாள். எல்லிப்ஸ், அதாவது முட்டை, என்றது திரை. அடுத்ததும் எல்லிப்ஸ். பதினேழு வட்டங்களில் ஒன்றுகூட வட்டமில்லை.

பழைய பைலைத் திறந்தாள். உடைக்காத பிளாக்கின் அகலம் நாலடி. உயரம் மூன்றே முக்கால். யாரோ தலையில் தட்டி உட்கார வைத்தது போல மூன்று அங்குலம் அமுங்கியிருந்தது.

"பாவி இம்மானுவேலு!"

துபாய்க்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டாள். "வட்டத்துக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரியாத ஆள அந்த ஷேக்கு எப்படித்தான் வேலைக்கு எடுத்தாகளோ!"

பிறகு வளைவுகளையெல்லாம் பொடிப்பொடிக் கோடுகளாக்கி அனுப்பினாள்.

பதினொன்றரைக்குப் போன் வந்தது.

"பழைய தகட்டுல ஓட்டிப் பாத்தேன். பூ கேட்டா ரம்பம் குடுக்குற. இத மாட்டுனா சர்ச்சுக்கு வர்ற புறா கழுத்தறுந்து சாகும்."

"இருங்கண்ணே, சரி பண்றேன்."

உடைத்ததை மறுபடி கட்டி, மேல்பக்கமாக மூன்று அங்குலம் இழுத்தாள். இதழ்கள் நிமிர்ந்தன. அனுப்பினாள்.

"சிலுவ பூவுக்கு வெளிய நிக்குது" என்றார் ஈஸ்வரபாண்டி. "ஆண்டவரு கோவிச்சுக்கிட்டுக் கெளம்பிட்டாரா?"

சிலுவையைச் சேர்த்துக் கட்ட மறந்திருந்தாள். அவசரமாக உள்ளே இழுத்ததில் இரண்டு இதழ்கள் அறுந்தன. அறுந்ததை ஒட்டப்போனதில் வெளி வளையம் காணாமல் போனது.

"மூணு மணிக்கு கரண்ட் நிப்பாட்டுறாக தாயி. தகட்ட மெஷினுல இருந்து எறக்கட்டுமா, வைக்கட்டுமா?"

"வச்சிருங்கண்ணே, காலுல விழுறேன்!"

திரையில் இருந்த அத்தனையையும் அழித்தாள். இம்மானுவேலின் பிளாக்கை முதலிலிருந்து வைத்து, அகலத்துக்கு நாலடி, உயரத்துக்கும் நாலடி கொடுத்தாள். உடைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டாள்.

வட்டம்.

பதினேழையும் தொட்டுப் பார்த்தாள். பதினேழும் வட்டம். அவ்வளவு சின்ன விஷயம்.

இரண்டே முக்காலுக்கு ஈஸ்வரபாண்டி பேசினார். "தாயி, தட்டு வச்சு வட்டம் போட்ட மாதிரி விழுந்திருக்கு. இனி நீதான் அந்த ஆபீசு இன்சினியரு."

தகட்டோடு லோடு வண்டியில் அவளும் ஏறிக்கொண்டாள். மலையிறங்கி சிக்னல் வரும்போது பார்க்கட்டும் என்று வழியில் போட்டோ எடுத்துத் தங்கபாண்டிக்கு அனுப்பினாள். கூடவே, 'பழைய தப்பு சரிசெய்யப்பட்டது சார்.'

சர்ச் வாசலில் கொத்தனார் சின்னக்கருப்பு நின்றிருந்தார். தகட்டை இறக்கிச் சுவரில் சாய்த்தார்கள். வெயிலில் தகதகவென்றிருந்தது. சின்னக்கருப்பு டேப்பை எடுத்துக் குறுக்கே பிடித்தார். பிறகு நெடுக்கே பிடித்தார். மேலே சுவரைப் பார்த்தார்.

"எப்படிண்ணே, வட்டம்?" என்றாள் ஜெபஷீலா.

"ஏந்தாயி, ஜன்னலுக்கு மேல லிண்டல் மூணு இஞ்சு எறங்கிப்போச்சு, ஓட்டை முட்டையாத்தான் வந்திருக்குன்னு, இம்மானுவேல் தம்பி சாரத்துல ஏறி மூணு தடவ அளந்துட்டுப் போனாரே, அவரு வரஞ்ச முட்டைய எங்கன போட்டீக?"