யாரைப் பார்க்க வேண்டும்?

ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரிகளில் பெரும்பாலோர் சாது ஜீவன்கள். ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விடுவார்கள், முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவார்கள். அவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. இங்கே நாம் பார்க்கப்போவது வேறு இனம். சீருடையைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு, ஏதோ ஒரு எட்டு மாடி அலுவலகக் கட்டடத்துக்குப் 'பாதுகாப்புத் தலைமை அதிகாரி' ஆகி, கேன்டீனை முகாமாகவும், மாடிப்படியை மலைக் கணவாயாகவும், கூரியர் கொண்டுவருகிற அப்பாவியை எதிரி நாட்டு ஒற்றனாகவும் பார்க்கத் தொடங்கும் இனம். உங்கள் கட்டடத்திலும் ஒருவர் இருப்பார். தேடவேண்டாம், அவர் ஏற்கெனவே உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். ஹோட்டலுக்குப் போனால் சுவரோரமாக, வாசலைப் பார்த்த நாற்காலிதான் வேண்டும். இல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது. கல்யாணத்துக்குப் போனால் அவசர வழி எங்கே என்று பார்த்த பிறகுதான் பெண் மாப்பிள்ளையைப் பார்ப்பார். மாலை நாலரை மணி அவருக்குப் 'பதினாறு முப்பது'. "சௌக்கியமா சார்?" என்று கேட்டுப் பாருங்கள். "நிலைமை கட்டுப்பாட்டில் இருக்கிறது" என்பார். பாவம், நீங்கள் கேட்டது அவருடைய சளியைப் பற்றி.

நமது கர்னலுக்குக் காவலாளிகள் வைத்த பெயர் 'உஷார்'. வாயைத் திறந்தால் முதலில் விழுகிற சொல் அதுதான். அவருக்கு இந்த வேலை கிடைத்தபோது உலகத்திலேயே அதிகம் சந்தோஷப்பட்டவர் அவருடைய மனைவி. ஏன் என்கிறீர்களா? ராணுவத்தை விட்டதற்கும் இந்த வேலைக்கும் நடுவே மனுஷர் மூன்று மாதம் வீட்டில் இருந்தார். ஸ்பூன்களுக்கு நம்பர் போட்டார். ஃப்ரிட்ஜைத் திறக்கிறவர்கள் நேரம் குறித்துக் கையெழுத்துப் போட ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டார். குக்கர் மூன்று விசில் அடிக்கவேண்டிய இடத்தில் நாலு அடித்ததற்கு விசாரணை நடந்தது. கொடியில் காய்கிற துணிகூட உயர வரிசையில் நிற்கவேண்டும் என்று உத்தரவு. கணவர் முப்பது வருஷம் எல்லையிலேயே கிடந்தபோது அழாத அந்த அம்மாள், ஒரு நாள் காலை ஆறு மணி சமையலறை ஆய்வு முடிந்ததும், குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். கர்னல் வேலையில் இருப்பது யாருக்கு முக்கியம் என்று இப்போது புரிந்திருக்கும்.

கட்டடத்துக்கு வந்த நாலு வருஷத்தில் உஷார் நாற்பத்தேழு சுற்றறிக்கை விட்டிருக்கிறார். அவற்றில் முப்பத்தொன்றாவதுதான் மகுடம். ஊழியர்கள் அனைவரும் தினம் ஒரு கடவுச்சொல்லைச் சொல்லித்தான் உள்ளே வரவேண்டும். வெளியாட்கள் நோட்டில் எழுதிவிட்டு, பார்க்க வந்தவர் சம்மதித்தால் வரலாம். முகத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது, ஏனென்றால் முகம் ஓர் அடையாளம் அல்ல. கசிந்துபோன கடவுச்சொல் செல்லாது. கடைசியாக, 'என்னைப் போலவே ஒருவன் வருவான், அதிகாரமாகக் கத்துவான், எவ்வளவு கத்துகிறானோ அவ்வளவு சந்தேகப்படு.'

எதிரிக்கு வேறு வேலையே இல்லையா என்று கேட்காதீர்கள். கேட்டால் உங்கள் பெயரும் நோட்டில் ஏறும்.

வாசலில் நிற்பவர் ஒரு பெண்மணி. கட்டடமே அவரைக் 'கேட் அக்கா' என்றுதான் கூப்பிடும். போன மாதம் கர்னலைக் கண்டதும் "குட் மார்னிங் சார்" என்று கதவைத் திறந்துவிட்டார். உள்ளே போன கர்னல் திரும்பி வந்தார்.

"நான்தான்னு எப்படித் தெரியும்?"

"நாலு வருஷமாப் பாக்கறேனே சார்."

"அதைத்தான் எதிரியும் எதிர்பார்ப்பான்!"

கையில் ஒரு மெமோ. மறுவாரம் காவலில் சிரித்ததற்கு இன்னொன்று. மூன்றாவது வந்தால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். இரண்டு பிள்ளைகளையும் ஒரு மாமியாரையும் வைத்துக்கொண்டிருக்கிற கேட் அக்கா, அன்று சாயங்காலமே முப்பத்தொன்றாம் சுற்றறிக்கையை எடுத்து மனப்பாடம் செய்துவிட்டார்.

கர்னலை வேலையில் வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று முடிவு செய்ய, நிர்வாகத் தலைவர் ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வருவதாக இருந்தது. அந்தத் தேதியைக் கர்னலின் மனைவி காலண்டரில் சிவப்பு மையால் இரண்டு தரம் வட்டம் போட்டு வைத்திருந்தார்.

அன்றைக்கு விசேஷ உஷார். காலை ஆறு மணிக்கு எழுந்த கர்னல், பட்டியலில் அன்றைக்கென்று இருந்த கடவுச்சொல்லை மாற்றினார். புதுச் சொல்லைத் தலைவர் உட்பட எல்லோருக்கும் கைப்பேசியில் அனுப்பினார். அனுப்பியதும், தானே போட்ட விதிப்படி, தன் கைப்பேசியிலிருந்து அதை அழித்தார். பிறகு கண்ணாடி முன் நின்று சவரம் செய்துகொண்டே கடவுச்சொல்லைப் பத்துத் தரம் உருப்போட்டார். எந்தச் சொல்லை? பழைய சொல்லைத்தான்.

ஒன்பது நாற்பதுக்கு வாசலில் வந்து நின்று, "வெள்ளிக்கிண்ணம்" என்றார் கம்பீரமாக.

"தப்பு சார்."

கர்னலுக்கு அப்போதுதான் உறைத்தது. மூளையைத் துழாவினார். காலி. கைப்பேசியைத் துழாவினார். அதுவும் காலி.

"என்னம்மா, நான் யாருன்னு தெரியலையா?"

"நல்லாத் தெரியுது சார். ஆனா முகம் ஒரு அடையாளம் இல்லையே சார்."

"அடையாள அட்டையைப் பாரு!"

"போலி அட்டை அரை மணி நேரத்துல அடிச்சிடலாம்னு நீங்கதான் சார் சொன்னீங்க."

கர்னல் கத்தினார். கேட் அக்கா ஓரடி பின்வாங்கி விசிலைக் கையில் எடுத்தார்.

"கத்தறீங்க சார். அது வேற இருக்கு."

"உன்னை இப்பவே வேலையை விட்டுத் தூக்கிடுவேன்!"

"உள்ள விட்டாலும் தூக்குவீங்க சார். அதான் யோசிக்கறேன்."

ஒன்பது ஐம்பது. வேறு வழியில்லாமல் வீட்டுக்குப் போன் போட்டார். விஷயத்தைக் கேட்டதும் மனைவி காலண்டரின் சிவப்பு வட்டத்தைப் பார்த்தார். சட்டென்று சொன்னார்: "நீலக்குடை."

இந்த இடத்தில் நீங்களும் நானும் என்ன செய்வோம்? "அப்பாடா" என்று அதைச் சொல்லிவிட்டு உள்ளே ஓடுவோம். கர்னலின் குரல் தாழ்ந்தது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தானே டைப் பண்ணீங்க? எதிர்வீட்டுக்கும் தெரிஞ்சிருக்கும்."

"அப்ப கசிஞ்சிடுச்சு. கசிஞ்சது செல்லாது."

"ஏங்க, பத்து நிமிஷம்தாங்க இருக்கு! ஸ்பூனுக்கெல்லாம் மறுபடி நம்பர் போட என்னால முடியாது!"

"ஸ்பூனா? அது எங்க வந்துச்சு?"

"ஒண்ணுமில்ல. ஊர்ல வர்றவங்க போறவங்க எல்லாம் நோட்டுல எழுதிட்டுத்தானே உள்ள போறாங்க? நீங்களும் எழுதுங்க. கத்தாம எழுதுங்க."

முப்பது வருஷம் ராணுவத்தில் இருந்தவர் பார்வையாளர் நோட்டின் முன்னால் குனிந்தார். பெயர் எழுதினார். ஊர் எழுதினார். 'யாரைப் பார்க்க வேண்டும்?' என்ற கட்டத்தில் பேனா நின்றது. கணக்குப் பிரிவு குமாஸ்தாவைப் பார்க்க வந்ததாகவா எழுதுவார்? அந்தக் கட்டடத்தில், அவருடைய அபிப்பிராயத்தில், பார்க்கத் தகுந்த ஆள் ஒருவர்தான். 'பாதுகாப்புத் தலைமை அதிகாரி' என்று எழுதினார்.

கேட் அக்கா இன்டர்காமில் அவருடைய அறைக்குக் கூப்பிட்டார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுக்கலை சார். இன்னும் வரலை போலிருக்கு. வந்ததும் சொல்றேன், உட்காருங்க."

ஆக, கர்னல் தனக்காகக் காத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு ஏசி மெக்கானிக், மடியில் கருவிப் பையோடு.

"ரொம்ப நேரமாகும் சார்," என்றார் அவர் அனுதாபத்தோடு. "இங்க உஷார்னு ஒரு ஆளு இருக்காரு. படுத்தி எடுத்துடுவாரு."

கர்னல் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டார்.

சரியாகப் பத்து மணிக்கு நிர்வாகத் தலைவர் வந்தார். கேட் அக்காவிடம் மெல்ல "நீலக்குடை" என்று சொல்லிவிட்டு உள்ளே போகத் திரும்பியவர், பெஞ்சைப் பார்த்ததும் நின்றார்.

"என்ன கர்னல், இங்க உட்கார்ந்திருக்கீங்க?"

"கடவுச்சொல் மறந்துட்டாரு சார்," என்றார் கேட் அக்கா. நெற்றியெல்லாம் வியர்வை. "நிறுத்தச் சொன்னதும் இவர்தான் சார்."

கர்னல் எழுந்தார். மூன்றாவது மெமோ வந்தாயிற்று என்று கேட் அக்கா நினைத்தார். மெக்கானிக் விஷயம் புரிந்து கருவிப் பையால் முகத்தை மறைத்துக்கொண்டார். கர்னலோ விறைப்பாக நின்று கேட் அக்காவுக்கு ஒரு சல்யூட் அடித்தார். கண் கலங்கியிருந்தது.

"சார், முப்பத்திநாலு வருஷமா உத்தரவு போடறேன். இந்த அம்மாதான் ஒண்ணை முழுசாப் படிச்சிருக்காங்க."

தலைவர் சிரித்தார். கர்னலுக்கு இன்னும் மூன்று வருஷம், கேட் அக்காவுக்கு மேற்பார்வையாளர் பதவி என்று அங்கேயே சொன்னார். பிறகு நோட்டில் 'தெரிந்தவர்' என்று சாட்சிக் கையெழுத்துப் போட்டுக் கர்னலை உள்ளே அழைத்துப்போனார்.

மாலை பதினெட்டு மணிக்கு வீட்டு வாசலில் மனைவி நின்றிருந்தார்.

"என்னங்க ஆச்சு?"

"மூணு வருஷம்."

அந்த அம்மாள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பா அழுகையா என்று அவருக்கே தெரியவில்லை. கழுத்தில் 'பார்வையாளர்' அட்டை இன்னும் ஆட, கர்னல் தொண்டையைச் செருமினார்.

"அது இருக்கட்டும். அந்தச் சொல் வெளியில கசிஞ்ச விஷயம். எழுத்து மூலமா ஒரு அறிக்கை வேணும்."

சிரிக்கிறீர்கள். நல்லது. கதவைப் பூட்டியாச்சு என்று வீட்டில் சொன்ன பிறகும் நாலு படி திரும்பி ஏறிப்போய்ப் பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்தது யார்? வீட்டு வைஃபைக்கு யாராலும் கண்டுபிடிக்கமுடியாத கடவுச்சொல்லாக வைத்துவிட்டு, மறுநாள் மகளிடம் கெஞ்சியது யார்? எதற்கும் அடுத்த முறை கண்ணாடி முன்னால் நிற்கும்போது, "யாரைப் பார்க்க வேண்டும்?" என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். பதில் சத்தமாக வந்தால் உட்காரச் சொல்லுங்கள்.