அவெடிஸ் காய் நகர்த்துகிறார்

"புத்தகத்தைப் பாருடா! ஜன்னல்ல என்ன கூத்தா நடக்குது?"

மூன்றாம் வகுப்பு வாகே புத்தகத்தைப் பார்த்தான். அடுத்த நிமிஷமே அப்பா அவெடிஸ் மறுபடியும் கத்தினார்.

"பென்சிலைக் கடிக்காதே! கவனம்டா, கவனம்!"

கணக்கில் பத்துக்கு மூன்று. அடுத்த பரீட்சையிலும் கோட்டை விட்டால் பையன் திரும்பவும் மூன்றாம் வகுப்புதான். பாவம், அவெடிஸுக்கு அந்தக் கவலையில் சோறு இறங்கவில்லை.

"வீட்டுல அவனோட செஸ் ஆடுங்க. மனசு ஒரு இடத்துல நிக்கும்" என்றாள் சாதேனிக் டீச்சர்.

அவெடிஸ் ஆர்மீனியாவின் கியும்ரி நகரில் மினி பஸ் ஓட்டுபவர். அவருக்குத் தெரிந்ததெல்லாம் முற்றத்தில் ஆடும் நார்திதான். பகடையை உருட்டினோமா, காயை டொம்மென்று வைத்தோமா, எதிராளியை வம்புக்கு இழுத்தோமா என்று ஆட்டம் முடிந்துவிடும். வாயை மூடிக்கொண்டு ஆடுவதெல்லாம் ஒரு ஆட்டமா? ஆனாலும் பெற்ற பிள்ளைக்காக உட்கார்ந்தார். பள்ளியில் செஸ் கற்றிருந்த வாகேதான் சொல்லிக்கொடுத்தான். கண்மூடித் திறப்பதற்குள் அப்பாவின் ராஜா காலி.

"கொஞ்சம் யோசிச்சு ஆடுங்கப்பா."

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கு யோசிக்க ஆரம்பித்தவர், நிறுத்தவே இல்லை.

"அண்ணே, என் ஸ்டாப் தாண்டிப் போச்சு!" என்று பஸ்ஸில் ஒரு அம்மாள் அலறினாள்.

"இரும்மா, குதிரை மாட்டிக்கிச்சு."

"ரோட்டுல குதிரையையே காணோமேய்யா!"

ஒரு நாள் படியேறி வந்தார், மேசையில் உட்கார்ந்தார், டோல்மாவை வாயில் போட்டார். "சிரானுஷ், உப்பு கம்மி" என்றார்.

"நான் அர்பெனிக். உங்க வீடு மேல் மாடிண்ணே. உங்க பொண்டாட்டி அங்க இருக்காங்க."

விஷயம் தெரிந்த சிரானுஷ், செஸ் போர்டைத் தூக்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அது இன்னும் வம்பாகப் போயிற்று. சமையலறை மேசைவிரிப்பு கட்டம் போட்டதாயிற்றே! காபிக் கோப்பைகள் சிப்பாய்களாகிவிட்டன. வீட்டில் ஒருவரும் காபி குடிக்க முடியவில்லை.

"அந்த உப்பு டப்பாவைத் தொடாதே, அது ராணி!"

"மனுஷன் நல்லாத்தானே இருந்தாரு! அந்த டீச்சர் கெடுத்துட்டா" என்று தலையில் அடித்துக்கொண்டு, போர்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

பரீட்சை முடிவு வந்தது. வாகேவுக்குக் கணக்கில் பத்துக்கு ஒன்பது!

அவெடிஸ் மகனையும் ஒரு பெட்டி இனிப்பு ரொட்டியையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு ஓடினார். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"செஸ்ஸுன்னா செஸ்ஸுதான் டீச்சர்! தினமும் என்கூட ஆடி ஆடிப் பயலுக்கு எப்படிக் கவனம் வந்திருக்கு பாருங்க!"

டீச்சருக்கும் பெருமை தாங்கவில்லை. "அப்படியா வாகே? தினம் எத்தனை ஆட்டம் ஆடுவே?"

வாகே வாயிலிருந்த ரொட்டியை விழுங்கினான்.

"ஒண்ணுகூட முடியாது டீச்சர். அப்பா ஒரு காயை நகர்த்துறதுக்குள்ள நான் எல்லாக் கணக்கும் போட்டுடுவேன். அவர் யோசிக்கிற வரைக்கும் வீட்டுல சத்தமே இருக்காதே!"